லூர்தையாவின் ஆறு மணி

சார், அந்த ஜன்னல் ஷட்டரத் தூக்காதீங்க. கோவிச்சுக்கிடாதீங்க, வேக்காடு எனக்கும்தான் இருக்கு, சட்டையெல்லாம் நனஞ்சு முதுகுல ஒட்டிக் கெடக்கு. ஆனா இந்தப் பக்கம் மட்டும் வேண்டாம். இந்தப் பக்கந்தான் பொம்பளையளு ரோட்ட மறிச்சு உக்காந்திருக்காவ. அதுல ஒருத்தி இந்த மூஞ்சியப் பாத்தா போதும், என்னய பஸ்ஸ விட்டு எறக்காம ஓயமாட்டாவ.

ஆமா, என்னயத்தான். நீங்க கேக்கதுக்கு முன்னால நானே சொல்லிருதேன். தலையில துண்டப் போட்டுக்கிட்டு, பைய மடியில அணைச்சுப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, களவாண்டுட்டு ஓடுதவன்னுதான் யாரும் நெனைப்பான். எம் பேரு டெலஸ்போர். பட்டாளத்துல சிக்னல் பிரிவு, பதினேழு வருஷம். இப்ப சிலுவைத்துறையில லாஞ்சிக்காரங்க சங்கத்து வயர்லெஸ் ரூம் என் பொறுப்பு. லாஞ்சின்னா வாரக்கணக்குல கடல்ல தங்கி மீன் புடிக்கிற எஞ்சின் படகு. அந்த லாஞ்சியளோட கரையில இருந்து பேசுத ஒரே ஆளு நான்தான்.

வெளிய கத்துதாவள்லா, "தேடு, தேடு, விண்மீன் மாதாவத் தேடு"ன்னு? அது ஒரு லாஞ்சி பேரு. ஏழு பேரோட போச்சு. ஒம்போது நாளா பேச்சு மூச்சு இல்ல. தேடுத கப்பல் நாலு நாள் தேடிப் பாத்துட்டு, முங்கியிருக்கும்னு சொல்லித் திரும்பிட்டு. மறுபடி தேடணும்னுதான் இந்த மறியல். முன்னால பனந்தடி, பின்னால வலைக்குவியல். இந்த பஸ்ஸு முன்னயும் போவாது, பின்னயும் போவாது.

இதுல நான் எங்க வாரேன்னு கேக்கீய. தேடுத அதிகாரி சனிக்கெழம என்கிட்ட வந்து கேட்டாரு: "விண்மீன் மாதா கிட்டயிருந்து ஏதாவது கேட்டீரா?" நான் சொன்னேன்: "இரைச்சல்தான் சார், வேற ஒண்ணும் கேக்கல. இன்னைக்கு அந்த இரைச்சலும் இல்ல." உள்ளதத்தான் சொன்னேன். அதக் கேட்டுட்டுத்தான் அவரு தேடுதத நிறுத்துனாருன்னு இப்ப ஊரே என் மேல பாயுது. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார்கோயில் ஆண்டின்னு சும்மாவா சொன்னான்.

மணி என்ன? அஞ்சு நாப்பத்தொண்ணு. உங்க வாட்ச்ல நாப்பத்து நாலு காட்டுதோ? தப்பு சார். மூணு நிமிஷம் முந்திப் போவுது. மாத்திக்கிடுங்க. நான் காலையில ரேடியோவுல மணி கேட்டு வச்சது.

சாருக்கு என்ன உத்தியோகம்? ஓ, மூணாங்கிளாஸ் வாத்தியாரா. நல்லதாப் போச்சு, அப்ப உங்களுக்கு ஒழுங்குன்னா என்னன்னு தெரியும். பெல்லு அடிச்ச பொறவு வாற பயல உள்ள விடுவீயளா? விடுவீயளோ? ... அப்படியா. சரி, அது பள்ளிக்கூடம். கடல்ல அப்படி முடியாது.

எளிசாச் சொல்லுதேன் கேளுங்க. ஒருத்தன் பேசுதத இன்னொருத்தன் வயர்லெஸ்ல கேக்கணும்னா ரெண்டு விஷயம் ஒத்துப் போவணும். நேரமும் அலைவரிசையும். இந்த பஸ்ஸையே எடுத்துக்கிடுங்க. சரியான ஸ்டாப்புல வந்து நிக்கீய, ஆனா பத்து நிமிஷம் பிந்தி வாரீய. பஸ்ஸு கெடைக்குமா? சரியான நேரத்துக்கு வாரீய, ஆனா அடுத்த ஸ்டாப்புல போய் நிக்கீய. கெடைக்குமா? ரெண்டும் சேந்தாத்தான் உண்டு.

லாஞ்சியில எந்நேரமும் செட்டப் போட்டு வைக்க முடியாது, பேட்டரி தின்னுரும். அதுக்காகத்தான் ஒரு நேரம் வச்சேன். சாயங்காலம் ஆறு. டாண்ணு ஆறுக்கு நான் மைக்க எடுத்து, "சிலுவைத்துறை, மணி ஆறு"ன்னு சொல்லுவேன். எல்லா லாஞ்சியிலயும் கடியார முள்ள அப்பமே ஆறுக்குத் திருப்பிக்கிடுவாவ. அதுக்குப் பொறவு ஆளுக்கு ஒரு நிமிஷம், வரிசையாக் கூப்பிடணும். முதல் நிமிஷம் விண்மீன் மாதாவுக்கு. ஆறே காலுக்கு செட்ட ஆஃப் பண்ணி அமத்திருவேன். அமத்திட்டு நாளைக்குக் காத்து எப்படின்னு ஊருக்கு ஸ்பீக்கர்ல சொல்லணும்லா. தன் நிமிஷத்த விட்டுட்டுப் பிந்திக் கூப்பிடுதவனுக்கு பதில் கெடையாது. சுவத்துல எழுதியே போட்டிருக்கேன், செவப்பு மசியில.

அலைவரிசையும் அப்படித்தான். எல்லா லாஞ்சி செட்டையும் என் கையாலதான் சரி பண்ணி அனுப்புவேன். ஒரு நூல் தள்ளிப்போனாலும் மனுசக் குரல் வாத்துக் குரலாயிரும். குவாக் குவாக்னு. ஒரு சொல்லு வெளங்காது. அத நேராக்கதுக்கு என் செட்டுல ஒரு சின்னத் திருகு உண்டு, மெள்ள அங்கயும் இங்கயும் திருப்புனா வாத்து மறுபடி மனுசனாயிரும். ஆனா நான் அதத் தொடமாட்டேன். ஆளாளுக்குத் தக்கன நான் திருகுனா, நாளைக்கு எவன் சரி, எவன் தப்புன்னு யாரு சொல்லுதது? அதனால அந்தத் திருகு அசையாம இருக்கதுக்கு அது மேல நெயில் பாலிஷ ஊத்தி ஒட்டிட்டேன். எம் பொண்டாட்டி விட்டுட்டுப் போன பாட்டில்.

அவளா? அவ அவிய அம்மா வீட்டுல இருக்கா. ராத்திரிச் சாப்பாடு எட்டு மணின்னா எட்டு மணி. எட்டே காலுக்குத் தட்ட வச்சா நான் கையக் கழுவிட்டு எந்திரிச்சிருவேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருஷக்கணக்காச் சொல்லியும் திருந்தல. ஒரு நாள் கெளம்பிப் போனா. நாலு வருஷம் ஆச்சு. திரும்பி வர ஒரு நேரம் சொல்லுன்னு கடுதாசி போட்டேன், பதிலே இல்ல. என்ன மனுசியோ.

சரி, அத விடுங்க. லூர்தையாவப் பத்திச் சொல்லணும். விண்மீன் மாதாவோட டிரைவர். தங்கமான பையன், ஆனா நேரம்னா என்னன்னே தெரியாது. ஆறு அஞ்சுக்குக் கூப்பிடுவான், ஆறு எட்டுக்குக் கூப்பிடுவான். அதோட ஒரு கெட்ட பழக்கம். பேசுததுக்கு முன்னால மைக்க மூணு தடவ தட்டுவான். டொக், டொக், டொக். பொறவுதான் "அண்ணே, லூர்து பேசுதேன்"ம்பான். தட்டாதல, மைக்கு கெட்டுப் போவும்னு நூறு தடவ சொல்லிருக்கேன். "தட்டுனாத்தான அண்ணே கதவத் தெறப்பீய"ம்பான் சிரிச்சுக்கிட்டே.

போன வருஷம் அவன் பொண்டாட்டி பிளாவியாவுக்குத் தலைப் பிரசவம். அவன் கடல்ல. பொட்டப் பிள்ள பொறந்திருக்கு, தாயும் பிள்ளையும் நல்லாருக்காவன்னு சொல்லி மாமியாக்காரி ஒரு சீட்டு எழுதி என்கிட்ட குடுத்துவிட்டிருந்தா. நானும் சொல்லணும்னுதான் அத மேசையில எடுத்து வச்சிருந்தேன். ஆறு மணிக்கு அவன் வரல. ஆறு நாலுக்கு வாரான். டொக், டொக், டொக். "அண்ணே, சேதி உண்டா? அண்ணே, இருக்கீயளா?" நான் பதில் சொல்லல.

இப்படிப் பாக்காதீங்க சார். சீட்டு கண்ணு முன்னாலதான் கெடந்துச்சு, எனக்கும் வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா ஒருத்தனுக்கு வளைஞ்சா ஒம்போது பேருக்கு வளையணும். மறுநாள் அவன் கரெக்டா ஆறுக்கு வந்தான், சொன்னேன். அழுதான். அவ்வளவுதான், ஒரு நாள் பிந்துனதுல என்ன கொறஞ்சு போச்சு?

இதுல பாருங்க, கரைக்கு வந்தவன் என் மேல கோவப்படல. நேரா ரூமுக்கு வந்து நின்னான். "அண்ணே, தப்பு என் மேலதான். இனிமே செத்தாலும் ஒரு நிமிஷம் தப்பமாட்டேன்"ன்னு பிள்ள தலையில கைய வச்சு சத்தியம் பண்ணுனான். சொன்னதோட நிக்கல. சாவி குடுக்குத மேசக் கடியாரம் ஒண்ணு வாங்கி, சர்ச்சு பங்குச் சாமிகிட்ட மந்திரிச்சு, சுக்கான் பக்கத்துல ஆணியடிச்சு மாட்டுனான். அதுக்கு மணி வச்சுக் குடுத்ததே நான்தான். மூணு நாள் என் மேசையில வச்சுப் பாத்தேன். நாளைக்கு மூணு நிமிஷம் பின்னால விழுந்துச்சு. "பரவால்ல லூர்து, தெனமும் நான் மணி சொல்லும்போது முள்ளத் திருப்பிக்கோ, அது போதும்"னு சொன்னேன். அன்னையிலருந்து பையன் தங்கம். ஒரு நாள் தப்பல. அவனத் திருத்துனது நான்தான்னு மார் தட்டிச் சொல்லுவேன்.

வேற வாட்ச்சு இல்லையான்னா? வலை இழுக்குத கையில யாரு வாட்ச் கட்டுவா? மாட்டுனா வெரலு போயிரும். மணி கேக்கதுக்கு ஒரு டிரான்சிஸ்டர் இருந்துச்சு. பிள்ள பாட்டுக் கேட்டாத்தான் தூங்குதுன்னு அத இந்தத் தடவ வீட்டுல வச்சுட்டுப் போயிட்டான்.

போன வாரம் செவ்வாக்கெழம ஆறு மணி. மணி சொன்னேன். லூர்தையாவோட நிமிஷம். அவன் வரல. மறுநாளும் வரல. அன்னைக்கே ஊர்ல அழுக ஆரம்பிச்சுட்டு. தேடுத கப்பலும் போச்சு, நம்ம லாஞ்சியளும் ரெண்டு நாள் தேடிட்டு வெறுங்கையோட வெள்ளிக்கெழமக் காலையில கரைக்கு வந்துட்டு.

நான் சும்மா இருக்கல சார். தெனமும் கேட்டேன். பட்டாளத்துப் பழக்கம், காதுல விழுந்தத ஒண்ணு விடாம நோட்டுல எழுதி வைப்பேன். இரைச்சல்னாலும் எழுதுவேன். என்ன இரைச்சல்னா, அந்த வாத்துச் சத்தம். ஒரு நிமிஷம் கத்தும், நின்னுரும். கடல்ல ஆயிரம் சத்தம் உண்டு. எந்த நாட்டுக் கப்பலோ, எவன் செட்டோ. லூர்தையாவா இருக்குமான்னு எனக்கும் ஒரு நெனப்பு வராம இல்ல. ஆனா எப்படி இருக்கும்? அவன் செட்டு என் கையால சரி பண்ணுன செட்டு, வாத்துக் குரல் வராது. அதுக்கு மேல, அவன் சத்தியம் பண்ணுனவன். செத்தாலும் ஒரு நிமிஷம் தப்பமாட்டேன்னவன். நேரந்தப்பி வருதுன்னா அது லூர்தையா இல்லன்னுதான அர்த்தம்? அவன நான் அவ்வளவு நம்புனேன் சார். அத யாரும் பாக்க மாட்டேங்காவ.

பிளாவியா நாலு நாளும் ரூம் வாசப்படியில வந்து உக்காந்துட்டா, பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு. வெளியாள் உள்ள வரக்கூடாதுன்னு சட்டம், அதனால வாசல்லயே இருன்னுட்டேன். வெள்ளிக்கெழம அந்தச் சத்தம் வந்துச்சு பாருங்க, சடார்னு எந்திரிச்சுட்டா. "அண்ணே, அவிய தட்டுதாவ. மூணு தட்டு தட்டுனாவ. கேக்கலையா அண்ணே?" நான் சொன்னேன், "ஏம்மா, கடல்ல எந்த எஞ்சினோ அடிக்கி. மனசப் போட்டுக் கொழப்பாத"ன்னு. "ஒரு வார்த்த பதில் சொல்லிப் பாருங்க அண்ணே, காலப் புடிச்சுக் கேக்கேன்"னா. யாருக்கும்மா பதில் சொல்ல? இரைச்சலுக்கு பதில் சொன்னா நாளைக்கு என்னய பைத்தியக்காரன்னு சொல்ல மாட்டாவளா?

சனிக்கெழம சத்தமே இல்ல. ஆறே கால் வரைக்கும் கேட்டேன், சுத்தமா அமந்து போச்சு. "பாத்தியா, இரைச்சல் போயிட்டு"ன்னேன் அவகிட்ட. என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. அந்தப் பார்வ இப்பமும் கண்ணுக்குள்ள நிக்கி. ஞாயிறு, திங்கள், நேத்து, ஆறே கால் வரைக்கும் அதே அமைதி. முங்கிட்டாவன்னு என் மனசும் முடிவு பண்ணிட்டு. ஏழு பேரு சார். ஏழு பேரையும் எனக்குக் குரல் தெரியும்.

நேத்து ஊரே என் வீட்டு முன்னால நிக்கி. மூணு தட்டு கேட்டேன்னு பிளாவியா சாமிகிட்டச் சொல்லியிருக்கா. சாமி வந்து, "டெலஸ்போர், உம்ம நோட்டக் குடும், தாசில்தார்கிட்ட காட்டுவோம்"ன்னாரு. குடுக்க முடியாதுன்னுட்டேன். அது நிலையத்து நோட்டு. அதோட, எனக்குன்னு இருக்க ஒரே சாட்சி அதுதான். ஆத்திரத்துல எவனாவது கிழிச்சுப் போட்டா? அதான் இன்னைக்கு ரூமப் பூட்டி, சாவிய இடுப்புல முடிஞ்சுக்கிட்டு, நோட்டப் பையில போட்டுக்கிட்டு, மதுரையில தங்கச்சி வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வருவோம்னு கெளம்புனேன். கெளம்புனவன் ஊர் முக்கத் தாண்டல. இந்தா, பொறிக்குள்ள விழுந்த எலி மாதிரி உக்காந்திருக்கேன். பயமா இருக்கு சார். பட்டாளத்துல குண்டுக்கு நடுவுல இருந்தவன், இந்தப் பொம்பளையளுக்குப் பயந்து உக்காந்திருக்கேன்.

கொஞ்சம் இருங்க. மணி ஆறு.

...

ஒண்ணும் இல்ல. கை பரபரங்கு. பதினோரு வருஷத்துல ஆறு மணிக்கு நான் அந்த மேசையில இல்லாதது இன்னைக்குத்தான். அந்தா, ஷட்டர் இடுக்கு வழியாப் பாருங்க, தூக்காதீங்க, இடுக்கு வழியா. சர்ச்சு கோபுரம் தெரியுதுல்லா? பக்கத்துல உசரமா ஒரு கம்பி. அதான் என் ஏரியல். இங்கருந்து பன்னெண்டு நிமிஷ நட. போனாப் போவுது, எல்லா லாஞ்சியும் கரையிலதான் கெடக்கு. கூப்பிடதுக்குக் கடல்ல யாரு இருக்கா?

முன் வரிசையில பிள்ளையோட உக்காந்திருக்கது பிளாவியா. நீலச் சேல. கத்தல, பாத்தீயளா? மத்தவளுவதான் கத்துதாளுவ. அவ அந்தக் கம்பியப் பாத்துக்கிட்டு இருக்கா.

என்ன சார், நம்பலையா? இருங்க, நோட்டக் காட்டுதேன். நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க இதுல லூர்தையா எங்க இருக்கான்னு. இந்தா. வெள்ளிக்கெழமையிலருந்து வாசிக்கேன். "வெள்ளி. மாலை ஆறு பன்னெண்டு. முதல்ல மூணு தட்டு, பொறவு வாத்துச் சத்தம், ஒரு நிமிஷம்." இதுக்கு முந்துன பக்கம். "வியாழன். ஆறு ஒம்போது. மூணு தட்டு, வாத்துச் சத்தம்." புதன், ஆறு ஆறு. அதேதான். செவ்வாய், ஆறு மூணு. பாத்தீயளா, ஒரு நாளாவது அவன் நிமிஷத்துல வந்திருக்கா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரம். மனுசன் கூப்பிட்டா இப்படியா கண்ட கண்ட நேரத்துல கூப்பிடுவான்?

என்ன சார் முணுமுணுங்கீய? சத்தமாச் சொல்லுங்க, வெளிய கத்துததுல கேக்கல.

ஓர் மூணு மூணுன்னா சொல்லுதீய? ஈர் மூணு ஆறு. மும்மூணு ஒம்போது. நாமூணு பன்னெண்டு.

மூணாம் வாய்ப்பாடு. ஆமா சார், மூணாம் வாய்ப்பாடுதான். உங்களுக்கு இது தெனமும் உள்ள பாடு, எதப் பாத்தாலும் வாய்ப்பாடாத்தான் தெரியும். இரைச்சலுக்கு எங்க சார் வாய்ப்...

இருங்க.

இருங்க சார், பேசாதீங்க.

நாளைக்கு மூணு நிமிஷம்.

அந்தக் கடியாரம். என் மேசையில மூணு நாள் இருந்த கடியாரம். நாளைக்கு மூணு நிமிஷம் பின்னால விழும்.

எஞ்சின் நின்னிருக்கும். திங்கக்கெழம ராத்திரியே நின்னிருக்கும். எஞ்சின் நின்னா பேட்டரி ஏறாது. பேட்டரி எறங்குனா அலைவரிசை வழுக்கும், குரல் வாத்தாயிரும். எனக்குத் தெரியும் சார், நான் பட்டாளத்துல பாடம் எடுத்திருக்கேன் இத. எஞ்சின் ஓடும்போது ஆறுக்கு முன்னாலயே செட்டப் போட்டு என் மணிக்குக் காத்திருப்பான்; இப்ப பேட்டரியக் காப்பாத்தணும்னு பகலெல்லாம் செட்ட அமத்திட்டு, கடியாரத்துல ஆறு அடிக்கும்போது மட்டும் போட்டிருக்கான். அதுக்குள்ள இங்க ஆறு மூணு ஆயிட்டு. நான் மணி சொல்லி முடிச்சாச்சு. அவன் காதுல விழல. முள்ளத் திருப்பல. மறுநாள் ஆறு ஆறு. அப்பமும் விழல.

அவன் தப்பல சார். தெனமும் கரெக்டா ஆறு மணிக்குக் கூப்பிட்டிருக்கான். செத்தாலும் தப்பமாட்டேன்னான், தப்பவே இல்ல.

இல்ல, நான் தப்புன்னு சொல்லல, கடியாரந்தான் தப்பு. சாவி குடுக்குத கடியாரத்த நம்பி... நான் என்ன பண்ணியிருக்க முடியும், நீங்களே சொல்லுங்க. ஒரு தடவ மைக்க எடுத்து... ஒரே ஒரு தடவ. "லூர்து, மணி ஆறு ஆறு"ன்னு சொல்லியிருந்தா, அவன் செட்டுல அது வாத்துச் சத்தமாத்தான் கேட்டிருக்கும். கேட்டாலும், கரையில ஆளு இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். தட்டிக்கிட்டே இருந்திருப்பான். திருகக் கொஞ்சம் அசைச்சிருந்தா எங்க நிக்கான், எந்த வெளக்கு தெரியுது, தண்ணி எத்தன பாகம் ஆழம்னு எல்லாஞ் சொல்லியிருப்பான். தட்டுனாத்தான கதவத் தெறப்பீயன்னு சொன்னவன் சார் அவன். நாலு நாள் தட்டியிருக்கான். நான் மணியக் குறிச்சு வச்சேன்.

சனிக்கெழம சத்தம் இல்லன்னு சொன்னேனே. ஐமூணு பதினஞ்சு. ஆறு பதினஞ்சு. அவன் செட்டப் போடுத நேரம், நான் செட்ட அமத்துத நேரம். அமத்திட்டு, அதிகாரி வந்து கேட்டப்ப இரைச்சலும் போயிட்டுன்னு சொன்னேன். ஞாயிறு பதினெட்டு. திங்கள் இருவத்தொண்ணு. நேத்து இருவத்து நாலு. நான் ஸ்பீக்கர்ல காத்து கிழக்கன்னு வாசிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். மாதாவே, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்.

இன்னைக்கு ஒம்போதாம் நாள். சொல்லுங்க சார், நீங்க சொல்லுங்க.

ஆமா, ஒம்போது மூணு இருவத்தேழு.

மணி என்ன? ஆறு பதினொண்ணு. உங்க வாட்ச்ச விடுங்க, என்னுதுதான் சரி. ஆறு பதினொண்ணு. பன்னெண்டு நிமிஷ நட. ரூமு பூட்டிக் கெடக்கு. சாவி என் இடுப்புல. செட்டு முன்னால ஒரு ஆள் இல்ல.

பேட்டரி இருந்தா கூப்பிடுவான். பேட்டரி இல்லன்னா... இருக்கும் சார். ஒரு நிமிஷம் ஒரு நிமிஷமாத்தான செலவழிச்சிருக்கான். குடிதண்ணி பதினஞ்சு நாளைக்கு ஏத்திட்டுத்தான் போவாவ. இருக்கும். உயிரோட இருப்பாவ.

சார், உங்க பையில பென்சில் சீவுத பிளேடு இருக்கா? ஐயோ, அப்படிப் பாக்காதீங்க, சாவதுக்கு இல்ல. அந்தத் திருகுல நெயில் பாலிஷ் காஞ்சு இறுகிக் கெடக்கு, அதச் சொரண்டணும். குடுங்க. பெரிய உவகாரம். நோட்ட நீங்க வச்சுக்கிடுங்க. பஸ்ஸ விட்டு எறங்குங்க, வெள்ள அங்கி போட்டு சாமி நிப்பாரு, அவரு கையில குடுங்க. அந்த நாலு நாள் பக்கத்தையும் காட்டுங்க. நான் என்ன எழுதியிருக்கேனோ அப்படியே இருக்கட்டும், ஒரு எழுத்து மாத்த வேண்டாம்.

அடிப்பாவளா? அடிப்பாவ. அடிக்கட்டும், வாங்கிக்கிடுதேன். ஆறு இருவத்தேழுக்குப் பொறவு எவ்வளவு வேணும்னாலும் அடிக்கட்டும்.

கண்டக்டர் அண்ணே, கதவத் தெறங்க! தெறக்க முடியாதா? எதுத்தாப்புல ஆள் நெருக்கிக்கிட்டு நிக்காவளா? சார், அப்ப அந்த ஷட்டரத் தூக்குங்க. ஆமா, நான்தான் சொல்லுதேன், தூக்குங்க. முழுசாத் தூக்குங்க. இந்தத் துண்டையும் புடிங்க.

ஏம்மா பிளாவியா! இங்க, பஸ்ஸுல! நான்தான், டெலஸ்போரு அண்ணன்! கல்ல எடுக்காதீங்க, யம்மா, ஒரு நிமிஷம் பொறுங்க! பிளாவியா, இந்தா சாவி, புடி. ரூமத் தெற. மேசையில செவப்பு சுவிட்ச்சு, அதப் போடு. போட்டுட்டு அசையாம காதக் குடுத்துக் கேளு. நான் இந்த ஜன்னல் வழியாக் குதிச்சுப் பொறத்தால ஓடியாரேன். அழுவாத, ஓடு. இன்னும் நேரம் இருக்கும்மா. உன் மாப்பிள்ள கடியாரத்துல இன்னும் ஆறு அடிக்கல.